ஒரே வேகம், வேறு வேறு தூரம்

ஒஸ்லோ நகரின் வடகிழக்கே, குரூருட் பள்ளத்தாக்கின் மேட்டுப்பகுதியில் இருக்கிறது ரொம்சோஸ். 1970களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. கார்கள் வெளிவட்டச் சாலையோடு நின்றுவிடும். 1974இல் திறந்த சுரங்க ரயில் நிலையம் பாறைக்குள்ளேயே குடைந்தது. குடியிருப்பின் நடுவே ஸ்வார்த்ஷேர்ன் என்றொரு சிறு குளம். குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும்போது பனிக்கட்டியில் ஒரு துளை போட்டால், மூன்று நிலைகளையும் ஒரே இடத்தில் காணலாம். சுற்றிலும் பனிக்கட்டி, துளையில் தண்ணீர், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நீராவி. மூன்றும் தொடும் விளிம்பில் வெப்பநிலை 0 பாகை. இந்த மூன்றில் எதில் மூலக்கூறுகள் அதிக வேகமாக ஓடுகின்றன?

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் மூன்று பெட்டிகள் வரைந்திருப்பார்கள். திண்மப் பெட்டியில் புள்ளிகள் வரிசையாக நின்று நடுங்கும், திரவப் பெட்டியில் நெளியும், வாயுப் பெட்டியில் பறக்கும். அதைப் பார்த்து வளர்ந்த எவரும் 'நீராவியில்தான் வேகம்' என்று சொல்லிவிடுவார். செவ்வியல் இயற்பியலின் கணக்கு வேறு விடை தருகிறது: மூன்றிலும் ஒரே வேகம். 0 பாகையில் ஒரு நீர் மூலக்கூறின் சராசரி இயக்கச் சக்திக்குரிய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 615 மீட்டர். காற்றில் ஒலி போகும் வேகத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு. கல்லாக இறுகிக் கிடக்கும் பனிக்கட்டிக்குள்ளும் அதே 615தான்.

வெப்பநிலை என்பதே மூலக்கூறுகளின் சராசரி இயக்கச் சக்தியின் அளவு. வெப்பநிலை ஒன்றாக இருந்தால் அந்தச் சராசரியும் ஒன்றாகத்தான் இருக்கும்; பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது அங்கே கணக்கிலேயே வராது. நிலை தீர்மானிப்பது இன்னொன்றை: அந்த வேகத்தோடு ஓடுகிற மூலக்கூறு எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது, எத்தனை தடவை திருப்பி அனுப்பப்படுகிறது என்பதை. மூன்று பெட்டிப் படத்தின் மேல் எனக்குள்ள முதல் புகார், அது தூரத்தின் கதையை வேகத்தின் கதையாக மாற்றிச் சொல்கிறது என்பது.

இரண்டாவது புகார் பெட்டிகளுக்கு இடையேயுள்ள இடைவெளி பற்றியது. மூன்றையும் சம தூரத்தில் வரைந்திருப்பதால் திரவம் திண்மத்துக்கும் வாயுவுக்கும் சரிநடுவில் நிற்பதுபோலத் தோன்றும். மறைவெப்பத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க 334 கிலோயூல் போதும். அதே தண்ணீரை 100 பாகையில் ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோயூல் வேண்டும், கிட்டத்தட்ட ஏழு மடங்கு. கொடுத்த வெப்பத்தில் மிகப் பெரும்பகுதி மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள பிடியைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. வேகம் கூடுவதில்லை, அதனால் வெப்பமானியும் அசைவதில்லை. உருகும்போது பிடி கொஞ்சம் நெகிழ்கிறது, ஆவியாகும்போது அடியோடு அறுகிறது. பருமனும் இதையே சொல்கிறது. கொதிக்கும் நீர் ஆவியானால் 1600 மடங்குக்குக் கிட்ட விரிகிறது. பனிக்கட்டி உருகும்போதோ பருமன் குறைகிறது, ஏறத்தாழ 8 வீதம். அதனால்தான் குளம் மேலிருந்து உறைகிறது, அடியில் மீன் பிழைத்துக்கொள்கிறது. திரவம், திண்மத்தின் பக்கத்து வீட்டுக்காரன். வாயு வேறு ஊர்.

அந்த வேறு ஊரைத்தான் விஞ்ஞானம் முதலில் புரிந்துகொண்டது. அதுவும் ஒரு ஆட்சேபணையின் புண்ணியத்தில். வாயு மூலக்கூறுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்று ஜேர்மானியரான கிளாசியஸ் கணக்கிட்டுச் சொன்னபோது, ஒல்லாந்து வானிலையாளர் பைஸ் பலோட் மடக்கினார்: அப்படியானால் சாப்பாட்டு வாசனை அறையின் மறுகோடிக்கு வர ஏன் இவ்வளவு நேரமாகிறது? 1858இல் கிளாசியஸ் விடை சொன்னார். மூலக்கூறுகள் வேகமாகத்தான் ஓடுகின்றன. ஆனால் ஒன்றையொன்று மோதாமல் ஓடக் கிடைக்கும் தூரம் மிகமிகக் குறுகியது. சாதாரணக் காற்றில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாது. நொடிக்கு எழுநூறு கோடி மோதல்கள், ஒவ்வொன்றிலும் திசை மாற்றம். 1860இல் மாக்ஸ்வெல் இன்னும் ஒரு படி போனார். எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில ஊர்கின்றன, சில பாய்கின்றன, நடுவில் ஒரு பெருங்கூட்டம். வாயுவின் பாகுநிலை அதன் அழுத்தத்தைப் பொறுத்ததல்ல என்ற வியப்பான முடிவும் அவருடைய கணக்கிலிருந்து வந்ததுதான். பிறகு சோதித்தபோது அது சரியாகவே இருந்தது.

பைஸ் பலோட்டின் கேள்வியை ரொம்சோஸ் மாடிப்படிக்குக் கொண்டுவரலாம். மூன்றாம் மாடியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் முதல் மாடியில் இருப்பவருக்கு ஒரு சில நிமிடத்தில் தெரிந்துவிடும். மூலக்கூறுகளின் தன்னியல்பான பரவல் ஒன்றையே நம்பியிருந்தால் அந்த மணம் ஐந்து மீட்டர் போகவே நாட்கணக்காகும். படிக்கட்டில் அதைச் சுமந்து வருவது சூடான காற்றின் ஓட்டமும் திறந்து மூடும் கதவுகளும்தான். 'பரவலுக்கு உதாரணம் ஊதுபத்தி வாசனை' என்று வகுப்பில் எழுதிப் பழகிவிட்டோம். அந்த உதாரணத்தில் பரவலின் பங்கு கடைசி மில்லிமீட்டர்களில் மட்டுமே.

வாயு மூலக்கூறு பறப்பதோடு நின்றுவிடுவதுமில்லை. சுழல்கிறது, அதிர்கிறது, தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது. இந்தக் கடைசி அசைவைக் கண்டு சொன்னவர் ஒஸ்லோக்காரர். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஓட் ஹாசல், வாயு நிலையிலுள்ள மூலக்கூறுகள்மேல் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி அவற்றின் வடிவத்தை அளந்தார். ஆறு காபன் அணுக்கள் வளையமாகக் கோத்த சைக்கிளோஹெக்சேன் தட்டையாக இல்லை, சாய்வு நாற்காலி வடிவில் மடிந்திருக்கிறது, ஒரு நாற்காலி வடிவிலிருந்து மறு நாற்காலி வடிவுக்குப் புரண்டுகொண்டும் இருக்கிறது என்பது அவர் காட்டியது. அறை வெப்பநிலையில் இந்தப் புரளல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை. இதைப் பற்றிய முக்கியக் கட்டுரையை 1943இல் நோர்வீஜிய மொழிச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். நாடு நாத்ஸிகளின் கையில் இருந்த காலம். அதே ஆண்டு அவரைப் பிடித்து கிரினி முகாமில் அடைத்தார்கள், 1944 இறுதியில்தான் விட்டார்கள். 1969இல் டெரெக் பார்ட்டனோடு சேர்த்து அவருக்கு இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

ஒஸ்லோவுக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர் இருந்த 1864இல், குல்ட்பெர்க், வோகெ என்ற மைத்துனர் இருவர் இரசாயனத் தாக்கத்தின் வேகத்துக்குத் திணிவுத் தாக்க விதியை முன்வைத்ததையும் இங்கே சொல்லிப் போகலாம். எதிரும் புதிருமான இரண்டு தாக்கங்கள் சமமாக நடந்துகொண்டிருப்பதுதான் சமநிலை, எல்லாம் ஓய்ந்துவிட்ட நிலையல்ல என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. மூலக்கூறுகளின் மோதலாக அதை விளக்கியது பிற்பாடு 1879இல் எழுதிய கட்டுரையில்.

இனித் திரவம். மூன்றிலும் சிக்கலானது இதுதான். வாயுவில் மூலக்கூறுகள் பெரும்பாலும் தனியே இருப்பதால் கணக்கு எளிது. திண்மத்தில் அவை ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் கணக்கு முடியும். திரவத்தில் நெருக்கமும் உண்டு, ஒழுங்கும் இல்லை. 1923இல் கல்கத்தாவில் சி. வி. இராமனும், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதனும் திரவங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதை ஆராய்ந்தார்கள். படிகத்தில் கதிர் கூரிய புள்ளிகளாக விழும். திரவத்தில் விழுவது மங்கலான ஒளிவட்டம். ஒரு மூலக்கூறின் உடனடிச் சுற்றத்தில் ஒருவகை ஒழுங்கு இருக்கிறது, நாலைந்து அடி தள்ளிப்போனால் அது கரைந்துவிடுகிறது என்பதே அந்த வட்டத்தின் பொருள். மூலக்கூறின் அடியளவில்தான் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1928இல், இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் இராமன் விளைவைக் கண்டார்கள். சிதறிய ஒளியின் நிறமாலையில் தோன்றும் அதன் புதிய கோடுகள் மூலக்கூறின் உள்ளதிர்வைச் சொல்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. மூலக் கோட்டின் இருமருங்கிலும் திரவங்களில் ஒரு மங்கலான ஒளிச்சிறகு விரிந்திருக்கும் என்பது அவ்வளவு பேசப்படாத பகுதி. வாயுவில் மூலக்கூறு தடையின்றிச் சுழல்வதால் அங்கே தனித்தனிக் கோடுகள் கிடைக்கும். திரவத்தில் சுழல முனைந்தவுடன் அயல் மூலக்கூறு இடிக்கும். கோடுகள் கலங்கிச் சிறகாகிவிடும். அதே திரவத்தை உறைய வைத்தால் சிறகு மறைந்து, படிகத்தின் கூட்டதிர்வைக் காட்டும் கூரிய கோடுகள் வந்துவிடும். மூன்று நிலைகளின் அசைவும் ஒரே நிறமாலைத் தட்டில் பதிந்திருக்கிறது. மூன்று பெட்டிப் படத்துக்குப் பதிலாக இதைப் பாடப்புத்தகத்தில் போடலாம் என்பது என் அபிப்பிராயம்.

திரவத்தில் ஒரு தனி மூலக்கூறின் நடையைப் பின்தொடர்வதற்குக் கணினி வர வேண்டியிருந்தது. ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 1964இல் 864 ஆர்கன் அணுக்களைக் கணினிக்குள் இட்டு, ஒவ்வொன்றும் மற்றவற்றால் எப்படித் தள்ளப்படுகிறது என்று கணம் கணமாகக் கணக்கிட்டார். அதுவரை பலர் நினைத்திருந்தது, திரவ அணு ஓரிடத்தில் கொஞ்சநேரம் நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு அடுத்த காலி இடத்துக்குத் தாவும் என்று. கணக்கில் அப்படி எந்தத் தாவலும் தெரியவில்லை. நல்லூர்த் தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குள் அகப்பட்டவரின் நிலைதான் அணுவுக்கு: முன்னே போக எத்தனித்தால் கூட்டம் திருப்பித் தள்ளும், சுற்றி நிற்பவர்கள் மெல்ல நகர நகர அவரும் நகர்ந்திருப்பார். அணு கிளம்பிய திசைக்கு எதிராக அது திருப்பப்படுவது ரகுமானின் வரைபடத்தில் பூச்சியத்துக்குக் கீழே விழும் ஒரு குழியாகத் தெரிந்தது. 1971இல் ஸ்டில்லிங்கரோடு சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகளுக்கு அதே கணக்கைச் செய்தார். இன்று மருந்துக் கம்பனிகள் புரதங்களை அசைத்துப் பார்க்கும் மென்பொருள்கள் அனைத்துக்கும் அந்த இரண்டு கட்டுரைகளும் முன்னோடி.

இப்படித் தள்ளுப்படும் நீர் மூலக்கூறு 25 பாகையில் ஒரு நொடியில் தான் கிளம்பிய இடத்திலிருந்து போய்ச் சேர்வது ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. ஒரு நாள் முழுக்க அலைந்தால் மூன்றரை சென்டிமீட்டர். நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் ஓடும் ஒன்றின் ஒருநாள் பயணம் இவ்வளவே. நேரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரண்டு மடங்காகும். 1905இல் ஐன்ஸ்டைன் பிரவுணியன் அசைவுக்குச் சொன்ன இந்த விதியைப் பெரன் 1908இல் நுணுக்குக்காட்டியின் கீழ் சோதித்தார். மூலக்கூறு என்று ஒன்று உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாய் அதோடு அடைத்தது.

அந்த அலைச்சலைக் கணக்கில் சேர்க்க மறந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவர் 1903இல் இதே நகரில் பிறந்த லார்ஸ் ஓன்சாகர். உப்புக் கரைசலில் அயன்கள் மின்புலத்தால் எப்படி நகர்கின்றன என்று 1923இல் டிபாயும் ஹூக்கலும் ஒரு கோட்பாடு தந்திருந்தார்கள். அதில் அயன் நேர்கோட்டில் சீராக இழுபட்டுப் போனது. அயனும் மற்ற மூலக்கூறுகளைப்போல நாலாபக்கமும் தள்ளாடிக்கொண்டேதான் போகும், அதைச் சேர்த்தால் விடை மாறும் என்று திரொந்தெய்மில் இரசாயனப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர் கண்டுகொண்டார். 1925இல் சூரிச்சுக்குப் போய், டிபாயின் அறைக்குள் நுழைந்து, உங்கள் கோட்பாடு பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னார். டிபாய் கேட்டுவிட்டு அவரைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். பெரிய மனசு என்பேன். பிழை சுட்டிய மாணவனுக்கு வேலை கொடுக்கும் பேராசிரியர்கள் எல்லா ஊரிலும் அகப்படுவதில்லை.

1931இல் ஓன்சாகர் வெளியிட்ட எதிரெதிர் உறவுகள்தான் அவருக்கு 1968இல் நோபல் பரிசை வாங்கித் தந்தன. ஒரு கலவையில் வெப்பம் பாய்ந்தால் அதன் பின்னால் மூலக்கூறுகளும் ஒரு பக்கமாக ஒதுங்கும். மூலக்கூறுகள் பரவினால் கூடவே வெப்பமும் பாயும். இந்த இரண்டு துணைவிளைவுகளின் குணகங்களும் சமம் என்று அவர் நிறுவினார். தனித்தனி மூலக்கூறின் அசைவை முன்னோக்கி ஓட்டினாலும் பின்னோக்கி ஓட்டினாலும் விதி ஒன்றே என்பதுதான் அதற்கு அடிப்படை. இந்த வேலையை முனைவர் பட்டத்துக்குக் கொடுத்தபோது அவர் படித்த திரொந்தெய்ம் கல்லூரி போதாது என்று சொல்லிவிட்டது. 1960இல் அதே கல்லூரி அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது.

திண்மத்துக்கு வருவோம். பனிக்கட்டியைக் குளிர்ந்த பொருள் என்று நினைக்கிறோம். தன் உருகுநிலையை வைத்துப் பார்த்தால் அது மிகச் சூடான திண்மம். மைனஸ் 10 பாகை என்பது கெல்வின் அளவில் 263; உருகுநிலையோ 273. அதாவது உருகுநிலையின் 96 வீதத்தில் நிற்கிறது. இரும்பை அந்த விகிதத்துக்குச் சூடாக்கினால் வெள்ளையாக ஒளிரும். ஆகவே ஸ்வார்த்ஷேர்னின் பனிக்கட்டிக்குள் நடப்பது வெறும் நடுக்கமல்ல. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சராசரியாக ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குக்கு ஒருமுறை தன் இடத்தை விட்டுப் பெயர்கிறது. தண்ணீரில் நகர்வதைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மெதுவாக நகர்கிறது. ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரையும் தாண்டாது. ஆனாலும் நகர்கிறது. மேற்கு நோர்வேயின் யோஸ்டடால் பனியாறு மலையிலிருந்து வழிந்து இறங்குவதில் ஒரு பங்கும், படிக அடுக்குகளில் உள்ள பிழைகள் அழுத்தத்தின் கீழ் ஊர்ந்து நகர்வதால் வருவதுதான்.

மூலக்கூறு முழுதாகப் பெயராமல் அதன் ஐதரசன் கரு, அதாவது புரோத்தன், மட்டும் அயல் மூலக்கூறுக்குத் தாவுவதும் உண்டு. தண்ணீரிலும் இது நடக்கிறது. சோடியம் அயனைவிட ஐதரசன் அயன் ஏழு மடங்கு வேகமாக மின்னைக் கடத்துவது இந்த அஞ்சலோட்டத்தால்தான். பனிக்கட்டியில் ஒவ்வொரு ஒட்சிசனுக்கும் அருகில் இரண்டு ஐதரசன், தள்ளி இரண்டு ஐதரசன் என்று 1933இல் பெர்னாலும் பவுலரும் விதி சொன்னார்கள். இந்த ஒழுங்கைக் குலைக்காமல் புரோத்தன் எப்படிக் கடந்துபோகும் என்ற கேள்வி, டென்மார்க்கின் பியரம் 1951இல் சுட்டிய படிகக் குறைகளில் வந்து நின்றது. ஓன்சாகர் தம் பிற்காலத்தில் ஆண்டுக்கணக்காக இந்தப் புதிரோடு இருந்தார். நோர்வேயில் பிறந்தவர் கடைசியில் பனிக்கட்டிக்கே திரும்பியதில் ஆச்சரியமில்லை.

படிகம் அல்லாத திண்மங்களும், பாதி திண்மமான பொருள்களும் பெட்டிக்குள் அடங்காதவை. இங்கே சமையலறைத் தட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் பெரும்பாலும் வெள்ளையாக உறைந்தே நிற்கும், ஏனென்றால் அது உருக 24, 25 பாகை வேண்டும். வீட்டுக்குள் இருப்பது 21, 22. ஆனால் கரண்டியை விட்டால் மெழுகைப்போல் எதிர்க்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். தேங்காயெண்ணெய் ஒரே வகை மூலக்கூறால் ஆனதல்ல. கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம், மற்றவை பல நீளங்களில். எளிதில் உறைபவை உறைந்து நுண்படிக வலையாகின்றன, உறையாதவை அந்த வலைக்குள் எண்ணெயாகவே ஓடித் திரிகின்றன. ஒரு போத்தலுக்குள் இரண்டு நிலைகள். அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கும்போது பார்த்தால், ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சட்டென்று உருகாமல் ஓரங்களில் கண்ணாடிபோலத் தெளிந்து, நடுக்கட்டி கடைசிவரை கட்டியாகவே இருக்கும்.

இதைவிட விசித்திரமானது பால்கனியில் காயும் துணி. மைனஸ் 10 பாகையில் ஈரச் சாரத்தைக் கொடியில் போட்டால் சற்று நேரத்தில் தட்டியாக விறைத்துவிடும். மடித்தால் முறியும் போலிருக்கும். அப்படியே விட்டால், வெயில் இல்லாமலே, ஓரிரு நாளில் நெகிழ்ந்து காய்ந்திருக்கும். நடுவில் அது ஈரமாவதே இல்லை. பனிக்கட்டியின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் நேரே காற்றுக்குப் போய்விட்டன. அந்த வெப்பநிலையில், வந்து மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒட்டிக்கொள்வதாகக் கொண்டால், மேற்பரப்பின் ஒவ்வொரு இடத்திலும் நொடிக்குப் பத்து லட்சம் தடவை ஆள் மாறுகிறது. போவதும் வருவதும் சமமாக இருந்தால் எதுவும் மாறாததுபோலத் தெரியும். காற்று உலர்ந்திருந்தால் வரவு குறையும், துணி காயும். அதே உலர் காற்றுத்தான் உதட்டையும் வெடிக்கச் செய்கிறது: மைனஸ் 10 பாகைக் காற்று ஒரு கன மீட்டருக்கு 2 கிராம் அளவுக்கே நீராவியைத் தாங்கும், வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடானால் தாங்கக்கூடியது 18 கிராம். எனவே அறைக்குள் ஈரப்பதன் 12 வீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

மேற்பரப்பில் இப்படி ஆள் மாறிக்கொண்டிருப்பதால்தான் பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்ற கேள்வி இவ்வளவு நீண்டுபோனது. பனிக்கட்டியின் மேல் உருகாத வெப்பநிலையிலும் ஒரு மெல்லிய திரவத் தன்மையுள்ள படலம் இருக்க வேண்டும் என்று பரடே 1850இலேயே சொன்னார். இரண்டு பனிக்கட்டிகளை ஒட்டிவைத்தால் அவை ஒன்றாகிவிடுவதை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். 1886இல் ஜோலி, சறுக்குக் காலணியின் அழுத்தத்தால் பனிக்கட்டி உருகுகிறது என்றார். ஒரு வளிமண்டல அழுத்தம் உருகுநிலையை 0.01 பாகைகூட இறக்குவதில்லை. ஒரு மனிதரின் எடை ஒரு சில பாகைக்கே தேறும். மைனஸ் 15இலும் பிள்ளைகள் சறுக்கித் திரிவதை அது விளக்காது. இருந்தும் இந்த விளக்கம்தான் இன்றும் பல பாடப்புத்தகங்களில் குடியிருக்கிறது. 1939இல் பௌடனும் ஹியூஸும் உராய்வின் வெப்பமே உருக்குகிறது என்று பனிச்சறுக்குப் பலகைகளை வைத்துக் காட்டினார்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு: அசையாமல் நிற்பவருக்கும் பனிக்கட்டி வழுக்குகிறதே.

2018இல் ஆம்ஸ்டர்டாமிலும் மைன்ஸிலும் இருந்த ஆய்வாளர்கள் ஒரு உருக்குக் குண்டைப் பனிக்கட்டிமேல் மைனஸ் 100 பாகையிலிருந்து பூச்சியம் வரை இழுத்துப் பார்த்தார்கள். மைனஸ் 100இல் பனிக்கட்டி வழுக்கவே இல்லை. சூடாகச் சூடாக உராய்வு இறங்கிக்கொண்டே வந்து மைனஸ் 7இல் அடித்தட்டைத் தொட்டது. மேற்பரப்பில் மேலும் மேலும் பல மூலக்கூறுகள் கீழே மூன்று பேரோடு பிடித்திருப்பதற்குப் பதில் இரண்டு பேரோடு மட்டும் பிடித்துக்கொண்டு உருளத் தொடங்குவதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். மைனஸ் 7ஐத் தாண்டினால் மூலக்கூறுகள் இன்னும் இலகுவாக உருளும், ஆனால் பனிக்கட்டி மென்மையாகிக் குண்டு அதற்குள் புதையும். உராய்வு மறுபடி ஏறும். வேகச் சறுக்குப் போட்டிகளின் ஓடுதளத்தை மைனஸ் 7 பாகையை ஒட்டி வைப்பது இந்த ஆய்வுக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

காட்டுப் பாதையில் பலகை கட்டிப் போகிறவருக்கு வழுக்கினால் மட்டும் போதாது, உந்தும்போது பிடிக்கவும் வேண்டும். அதற்குத்தான் பலகையின் நடுப்பகுதியில் மெழுகு. கடுங்குளிருக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு நீலம், பூச்சியத்தை ஒட்டிச் சிவப்பு. குளிர் கூடினால் பனிப் படிகத்தின் முனை கூராகவும் கடினமாகவும் இருக்கும், ஆகவே மெழுகும் கடினமாக இருக்க வேண்டும். பூச்சியத்தை நெருங்கும்போது முனை மழுங்கி ஈரமாகிவிடும், மெழுகு இளகியதாக இருந்தால்தான் அந்த முனை அதற்குள் இறங்கிப் பிடிக்கும். வாசலில் பலகையை நிமிர்த்தி வைத்து, வெப்பமானியை ஒருமுறை பார்த்துவிட்டு, எந்த நிற மெழுகை எடுப்பது என்று ரொம்சோஸ் பிள்ளைகள் முடிவு செய்வது பனியின் அந்த மேல் ஓரிரண்டு அடுக்கு மூலக்கூறுகளை வைத்துத்தான்.